மூன்றாவது இறால்

பிப்ரவரி 3

கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம். கொண்டுவந்து இறக்கிய இரண்டு பேரும் மூலை உடையவில்லை என்று மூன்று தடவை சொன்னார்கள். கேட்காமலே மூன்று தடவை சொன்னால் உடைந்திருக்கும். டார்ச் அடித்து நாலு மூலையும் பார்த்தேன். உடையவில்லை. ஆனாலும் பார்த்தது நல்லதுதான்.

ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் நான். சந்தேகம் எனக்கு வியாதி இல்லை, பழக்கம். கூட்டமான பெட்டியில் டிக்கெட் இல்லாதவன் யார் என்று காதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும், காது மட்டும் என் பக்கமே இருக்கும்.

கடல் மீன் வளர்க்கப்போகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். என் தங்கை தேவகி முப்பது வருடம் தூத்துக்குடியில் கடலைப் பார்த்த வீட்டில் இருந்தவள். வீட்டுக்காரர் காலமானதும் டிசம்பரில் இங்கே பெரம்பூருக்கு என்னோடு இருக்க வந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தொட்டியை அவள் கட்டிலுக்கு எதிரே வைத்ததற்குக் காரணம் பிளக் பாயின்ட்.

பிப்ரவரி 5

குளத்தூர் மீன் கடை. கடைக்காரர் பெயர் அருள்தாஸ். கல்லாவில் உட்கார்ந்திருப்பது அவர் மனைவி.

"பீச்சுல ஒரு குடம் மொண்டு வந்தா போதாதா?" என்று கேட்டேன்.

"மெரினா தண்ணியா? மீன் உங்க மேல கேஸ் போட்டுரும் மேடம்."

கடல் உப்பு என்று ஒரு பை. மெட்ரோ தண்ணீர் ஆகாது, போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. கேன் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். நுண்ணுயிர் வாழும் கடல் பாறை நாலு. தொட்டியில் உடனே மீனைக் குடிவைக்கக் கூடாது, ஒன்றரை மாதம் வெறுமனே ஓட்ட வேண்டுமாம். வெயிலில் தண்ணீர் வற்றும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே வற்றியதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றாமல் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். இதையெல்லாம் ஒரு நோட்டீஸில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் நான் திரும்பத் திரும்பக் கடைக்கு வருவேன் என்ற கணக்கு.

பிப்ரவரி 8

உப்பு கரைத்தேன். உப்பின் அளவு பார்க்க ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு முள். 1.025 இருக்க வேண்டும். 1.025 காட்டியது.

தேவகி சுட்டுவிரலை நனைத்து நாக்கில் வைத்தாள். "கடலை விடக் கொஞ்சம் கம்மிக்கா" என்றாள்.

மிஷின் சொல்லிவிட்டது, நீ என்ன சொல்வது என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள். பிறகு உற்றுப் பார்த்தால் முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு முள்ளைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. தட்டிவிட்டேன். 1.022. ஒரு டம்ளர் உப்பு சேர்த்தேன். அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11

பாறையில் உள்ள நுண்ணுயிருக்கு இரை வேண்டுமாம். மார்க்கெட்டில் வாங்கிய ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டிருக்கிறேன். கீழ்வீட்டு பிலோமினா மாடிப்படி ஏறி வந்து, "அமிர்தம் அக்கா, எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்றாள்.

தேவகியின் மகன் நந்து ஓசூரிலிருந்து பேசினான். "பெரியம்மா, அம்மா உங்ககிட்டயே இருந்தாங்கன்னா எங்களுக்கு நிம்மதி. இங்க ரெண்டு ரூம்தான்" என்றான். எத்தனை ரூம் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான். அவளுக்கு என்னை விட்டால் வேறு இடம் கிடையாது. எனக்கு என்ன, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் இரண்டு மாதமாகியும் அவள் துணிகள் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன. பீரோவில் ஒரு தட்டு முழுக்கக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் கிளம்பிவிடுவாளோ என்று தோன்றுகிறது. தோன்றினால் தோன்றட்டும்.

மார்ச் 2

பாறை, மணல், கண்ணாடி எல்லாம் பழுப்பு நிறத்தில் பாசி. கடையில் போய்ச் சண்டை போட்டேன். "எல்லா புதுத் தொட்டிக்கும் வரும் மேடம், தானா போய்டும்" என்றார் அருள்தாஸ். தானாகப் போகும் என்று சொல்கிறவன் எதையோ மறைக்கிறான்.

மார்ச் 11

பாசி தானாகப் போய்விட்டது.

மார்ச் 19

சோதனைக் குழாயில் சொட்டு விட்டு நிறம் பார்த்தேன். இறால் அழுகியதில் வந்த நஞ்செல்லாம் பூஜ்யம். தொட்டி தயார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் இரண்டு வாங்கி விட்டோம். பையோடு தண்ணீரில் மிதக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். இரண்டும் நேராகப் பாறை இடுக்குக்குள் போய் ஒளிந்தன. டிக்கெட் இல்லை போலிருக்கிறது.

தேவகி மதியம் தூங்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு அவள் எதையும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

மார்ச் 30

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் முப்பது டிகிரிக்கு ஏறியது. சின்ன ஃபேன் ஒன்றைத் தொட்டி மேல் வீசும்படி வைத்தேன். சூடு குறைந்தது, ஆனால் தண்ணீர் தினமும் ஒரு சொம்பு, ஒன்றரைச் சொம்பு வற்றுகிறது.

கேனைத் தூக்கிச் சாய்க்க என் தோள்பட்டை இடம் கொடுப்பதில்லை. தேவகி தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த செம்புக் குடம் தொட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கேன் தண்ணீரைச் சாயந்திரமே அதில் ஊற்றி வைப்பாள், காலையில் குடிப்போம். ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இல்லை என்கிறார்கள். செம்பில் ஊறினால் சத்து ஏறும். மனிதருக்கு நல்லது மீனுக்கும் நல்லதுதான். இன்று முதல் காலையில் குடத்திலிருந்து மொண்டு ஊற்றுகிறேன். முதல் சொம்பு தொட்டிக்கு, அப்புறம்தான் எனக்கு.

ஏப்ரல் 7

பாசி தின்ன ஐந்து நத்தை, துப்புரவுக்கு மூன்று சிவப்பு இறால். இறாலின் முதுகில் வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. மீன் பக்கத்தில் வந்து நின்றால் அதன் மேல் ஏறிச் சுத்தம் செய்கிறது, சலூன்காரர் மாதிரி. அடையாளத்துக்கு மூன்றுக்கும் பெர்த் கொடுத்திருக்கிறேன்: பாறைக்கு அடியில் லோயர், நடுவில் மிடில், ஓரத்தில் சைடு அப்பர். சைடு அப்பருக்கு இடது மீசை பாதி ஒடிந்திருக்கிறது.

தேவகி விரலைத் தண்ணீரில் விட்டாள். லோயர் பெர்த் வந்து நகத்தைக் கிளறியது. சத்தம் போட்டுச் சிரித்தாள். கையில் சோப்பு இருக்கப்போகிறது என்று அதட்டினேன்.

காலை ஒன்றரைச் சொம்பு ஊற்றினேன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. வடை, பாயசம். ஒரு நத்தை தலைகீழாகக் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் நாற்றம். இரண்டாவது நத்தை கண்ணாடியில் ஏறாமல் மணலில் சுருண்டிருக்கிறது.

உப்பு சரி, சூடு சரி, சோதனைக் குழாய் எல்லாம் சரி. மீன் இரண்டும் குதியாட்டம் போடுகின்றன. பிறகு ஏன்? வெளியாள் யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. சாப்பிடும்போது சொல்லிவைத்தேன்: "இனிமே இந்தத் தொட்டியில ஏதாவது செத்தா, காரணம் இந்த நாலு சுவத்துக்குள்ளதான் இருக்கு."

தேவகி பாயசத்தை முடிக்கவில்லை.

ஏப்ரல் 16

மிடில் பெர்த்தைக் காணோம். பாறை எல்லாவற்றையும் டார்ச் அடித்துத் தேடினேன். ஒரு இறால் எங்கே போகும்? மதியம் சாப்பாடு பிடிக்கவில்லை. ராத்திரியும். வெயில் காரணமாக இருக்கும்.

காலை இரண்டு சொம்பு ஊற்றியிருந்தேன்.

ஏப்ரல் 17

புதன்கிழமை. வழக்கம்போல் பென்ஷனர் சங்கத்துக்குப் போய்விட்டு ஒரு மணிக்கு வந்தேன். தொட்டியில் மூன்று இறால்.

கடைக்குப் போன் செய்தேன். இறால் பாம்பு மாதிரி சட்டை உரிக்குமாம், உரித்த இரண்டு நாள் பதுங்கியிருக்குமாம். இருக்கலாம். ஆனால் மூன்றாவது இறால் மிடில் பெர்த்தை விட ஒரு சுற்றுச் சின்னது. சட்டை உரித்தால் பெரிதாகத்தானே ஆக வேண்டும்? முப்பத்தோரு வருடத்தில் நான் ஒரு பெட்டியில் தலை எண்ணித் தப்பாகப் போனது கிடையாது. இரண்டு பேர் இருந்த இடத்தில் மூன்று பேர், ஒருவர் முகம் புதிது.

தேவகியிடம் கேட்டேன். "இருந்துச்சேக்கா, நீதான் சரியா பாக்கலை" என்றாள். சொல்லும்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரே புடவையை இரண்டு தடவை மடித்தாள்.

ஏப்ரல் 24

காலையில் சங்கத்துக்குக் கிளம்புமுன் தொட்டி மூடி மேல் லேசாகப் பவுடர் தூவிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் மூடியில் மூன்று விரல் தடம். தொட்டியில் நத்தை ஒன்று குறைவு.

நான் எதுவும் கேட்கவில்லை. சாட்சி சேர வேண்டும். பாதியில் கேட்டால் கதை சொல்லிவிடுவார்கள்.

ஏப்ரல் 25

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். என் மேல் அவளுக்கு ஏதாவது இருக்கிறதா? அப்பா போன பிறகு நான் வேலைக்குப் போய் அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தேன். எனக்கு வந்த வரன்களையெல்லாம் அப்புறம் அப்புறம் என்று தள்ளி, அந்த அப்புறம் வரவே இல்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. அவளுக்குத்தான் ஏதோ குற்ற உணர்ச்சி இருக்க வேண்டும். குற்ற உணர்ச்சி உள்ளவர்கள் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்.

காலை இரண்டு சொம்பு. நான் மொள்ளும்போது அவள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பினதும் உள்ளே போய்விட்டாள்.

மே 2

சைடு அப்பர் சரியாக நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்கிறது. மீன் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. அதிகம் ஊற்றினால் தெம்பு வரும் என்று சாயந்திரமும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

மே 5

சைடு அப்பர் போய்விட்டது. நான்தான் எடுத்துப் பூச்சட்டி மண்ணில் புதைத்தேன். ஒடிந்த மீசை. அழுதேன் என்று எழுதுவதில் தப்பில்லை. ஒரு இறாலுக்கு அழுகிற பொம்பளையை ரயிலில் பார்த்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

மே 8

புதன். சங்கத்திலிருந்து வந்தேன். இறால் மூன்று. நத்தை ஐந்து. மூன்று நத்தைதானே இருந்தது!

படியில் பிலோமினா பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சி ஷேர் ஆட்டோல வந்தாங்க பாத்தேன். மடியில ஒரு பிளாஸ்டிக் கவரு, உள்ள தண்ணி. குழந்தைய வெச்சிருக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் புடிச்சினு இருந்தாங்க. இன்னாக்கா அது?"

எனக்கும் அதுதான் கேள்வி. என்ன தண்ணீர்? எங்கிருந்து? நான் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து ஏன் கொண்டுவர வேண்டும்? அதைத் தொட்டியில் கலந்திருக்கிறாள்.

மே 9

செம்புக் குடத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, மூடியோடு.

"அடியில ஓட்டை விழுந்துடுச்சுக்கா. ஒழுகுது. எடுத்து வெச்சுட்டேன்."

நேற்றுவரை ஒழுகாத குடம்.

மே 12

அவள் குளிக்கும்போது பரணில் ஏறினேன். பெட்டிகளுக்குப் பின்னால், பழைய போர்வை சுற்றி, குடம். தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

பொய் சொல்லியிருக்கிறாள். என்னிடம். எத்தனை பொய்க்கு அபராதம் போட்டிருக்கிறேன், இத்தனை வலித்ததில்லை.

குடத்தைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அவள் குளித்துவிட்டு வந்தாள், பார்த்தாள், நின்றாள்.

"அக்கா, அந்தக் குடம் வேண்டாமே. பழசு. களிம்பு ஏறியிருக்கும்."

"புளி போட்டுத் தேச்சா போச்சு."

"தொட்டிக்கு மட்டுமாவது வாளித் தண்ணி ஊத்தேன்."

"என் தொட்டிக்கு எதை ஊத்தறதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன். புளி போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று வந்துவிட்டது. தோள் வலித்தாலும் இனிமேல் குடத்தை நானே நிரப்புவேன், அவள் கை படக் கூடாது.

மே 13

இரண்டு சொம்பு.

மே 16

இரண்டு சொம்பு. இறால் மூன்றும் சாப்பிட வரவில்லை. தேவகியோடு பேச்சு குறைந்துவிட்டது. நான் கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போகிறாள்.

மே 20

மூன்று இறாலும் மல்லாந்து கிடக்கின்றன. நத்தைகள் ஐந்தும் மணலில். மீன் இரண்டு மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மேலே வந்து தீனி கேட்கின்றன.

மே 22

தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு குளத்தூர் போனேன். அருள்தாஸ் எல்லாம் கேட்டுவிட்டு, "மீன் நல்லா இருக்குது, முதுகெலும்பு இல்லாததெல்லாம் மட்டும் போகுதா?" என்றார். ஏதோ ஒரு சொட்டு மருந்தை விட்டார். தண்ணீர் நீலமாக மாறியது.

"செம்பு மேடம். இறால், நத்தைக்கெல்லாம் செம்பு விஷம். துளி போதும். மீன் தாங்கும், அதுங்க தாங்காது. மருந்து ஏதாவது ஊத்துனீங்களா? காசு, செம்புக் கம்பி ஏதாவது உள்ள விழுந்துச்சா?"

குடம்.

தேவகியின் குடம். தேவகி தினமும் சாயந்திரம் நிரப்பிய குடம். தேவகி ஒளித்துவைத்த குடம். களிம்பு என்று அவளே தன் வாயால் சொன்னாள். அப்படியென்றால் அவளுக்கு முன்னமே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். நின்றபடியே கேட்டேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "செம்பு விஷம்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அது யார் குடம்?"

"என் குடம்தான்."

"புதன்கிழமை புதன்கிழமை எங்க போற?"

அவள் தொட்டியின் மூடியைச் சரிசெய்தாள்.

"உனக்கு இந்த வீட்டுல என்னடி குறை வெச்சேன்? நீ பாக்கணும்னுதான் அந்தத் தொட்டியே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் வேறொன்று சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டாம்.

மே 23

மத்தியான பஸ்ஸில் தேவகி ஓசூர் போய்விட்டாள். பெட்டியில் எடுத்துவைக்க அவளுக்கு அதிகம் இருக்கவில்லை. வாசலில், "மீனுக்கு ரெண்டு வேளை மட்டும் போடுக்கா, நிறைய போட்டுடாதே" என்றாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

மே 24

நந்துவுக்கு எல்லாவற்றையும் தெரியப்படுத்துவது என்று முடிவு செய்தேன். தேதிவாரியாக, ஆதாரத்தோடு. அதற்காக இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். தொட்டியில் செம்புத் தண்ணீர் ஊற்றப்பட்ட தேதிகள் என்று ஒரு தாளில் தலைப்புப் போட்டு, ஒவ்வொரு தேதியாக எழுதி, எதிரே ஊற்றியவர் பெயரை எழுதிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 30, நான். ஏப்ரல் 7, நான். 16, நான். 25, நான். மே 2, நான், இரண்டு தடவை.

மே 12க்குப் பிறகு நிரப்பியதும் நான், ஊற்றியதும் நான். வேண்டாமே என்று அவள் சொன்னதும் என் கையெழுத்தில் இருக்கிறது.

அவள் ஒரு நாள்கூட ஊற்றவில்லை.

மே 25

இன்று எதுவும் எழுதவில்லை.

மே 27

ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? அந்தக் கவர் தண்ணீர் என்ன? என்னை முட்டாளாக்கி வேடிக்கை பார்த்தாளா? நான் ஊற்றியது நிஜம்தான், ஆனால் அவளும் சுத்தம் இல்லை. இதை எழுதும்போதே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடைத்த நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை நினைத்தால் கேவலமாகவும் இருக்கிறது.

மே 29

தண்ணீரை மாற்றி, செம்பை உறிஞ்ச கரி போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வாங்கப் போனேன். அருள்தாஸ் இல்லை. கல்லாவில் அவர் மனைவி எஸ்தர். பெரம்பூர், இரண்டடித் தொட்டி, செம்பு என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அந்த அம்மாவோட அக்காவா? புதன்கிழமை வருவாங்களே? எங்க அக்காவோட இறால் செத்துப்போச்சு, அதே அளவு, அதே மாதிரி குடுங்கன்னு கேப்பாங்க. தொட்டி தொட்டியா குனிஞ்சு பாத்து பொறுக்குவாங்க. ரெண்டாந்தடவை வந்தப்பதான் என்ன தண்ணி ஊத்தறீங்கன்னு கேட்டேன். செம்புக் குடம்னாங்க. ஐயோ அதாம்மா காரணம்னு சொன்னேன். அப்படியே அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டாங்க. அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு பத்து நிமிஷம் உக்காந்திருந்தாங்க. சொல்லலையா?"

கரி வாங்காமல் வந்துவிட்டேன். மறுபடி போய் வாங்கினேன்.

ஜூன் 1

காலை ரயிலில் பெங்களூரு போய் அங்கிருந்து பஸ்ஸில் ஓசூர் போகிறேன். பிலோமினா மீன்களைப் பார்த்துக்கொள்வாள். பாதி வழியில் டிக்கெட் பார்க்க டி.டி.இ. வந்தான், சின்ன வயது. என் பாஸைப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னான். எதிர் சீட்டில் ஒரு அம்மாள் ஜெனரல் டிக்கெட்டோடு ஏறிவிட்டாள். "தெரியாம ஏறிட்டேன் சார்" என்றாள். இந்த வார்த்தையை நான் எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பேன்! ஒரு தடவைகூட நம்பியதில்லை. அதில் எத்தனை பேர் நிஜமாகவே தெரியாமல் ஏறினார்களோ.

ஜூன் 2

ஓசூரில் அவளுக்குக் கூடத்தில் ஒரு மடக்குக் கட்டில். பகலில் மடித்துவிட வேண்டும். நான் போனபோது மடித்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

நந்துவும் அவன் மனைவியும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே என் மேல் சந்தேகம். "நான்தான் கொன்னேன். உன் மேல பழி போட்டேன். மன்னிச்சிடு தேவகி." அறுபத்தோரு வயதில் அந்த வார்த்தை என் வாயிலிருந்து முதல் தடவையாக வந்தது. நந்து டி.வி.யை அணைத்தான்.

பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் மொட்டை மாடியில்.

"ஏண்டி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஊத்தியிருப்பேனா?"

"எப்படிக்கா சொல்றது? காலையில எழுந்ததும் உனக்குக்கூட இல்லாம முதல் சொம்பை அதுக்கு ஊத்துவ. பிள்ளைக்குப் பால் ஊத்தற மாதிரி மெதுவா, பாறை மேல படாம. அப்ப உன் முகத்தை நீ பாத்ததில்லை, நான் பாத்திருக்கேன். அதுதான் கொல்லுதுன்னு எந்த வாயால சொல்ல? ஒண்ணு செத்ததுக்கே நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்த."

"அதுக்கு நீ ஏன் பழியை ஏத்துக்கிட்ட?"

"என்மேல சந்தேகம்னா உனக்குக் கோவம் வரும். கோவத்தை நீ தாங்குவ, உனக்குப் பழக்கம். உன்னாலதான்னு தெரிஞ்சா நீ தாங்கமாட்டன்னு நினைச்சேன்."

எதிர் மாடியில் யாரோ துணி காயப்போட்டார்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கு வா" என்றேன்.

"வர்றேன். ஆனா ஒண்ணுக்கா. அந்த நோட்டுல இனிமே என்னைப் பத்தி எழுதக்கூடாது."

"படிச்சியா?"

"படிக்கலை. படிக்கணுமா? என்னைப் பாப்ப, போய் எழுதுவ, எழுதிட்டு வந்து மறுபடி பாப்ப. தூத்துக்குடியில முப்பது வருஷம் கடலைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அது ஒரு நாளும் என்னைத் திரும்பிப் பாக்கலை. அது எவ்வளவு நிம்மதின்னு உனக்குத் தெரியாது."

இதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். யோசித்தாள். "பெரம்பூர்ல இறங்கற வரைக்கும் எழுதிக்க" என்றாள்.

ஜூன் 3

ரயிலில் எழுதுகிறேன். தேவகிக்கு ஜன்னல் சீட் கொடுத்திருக்கிறேன். அரக்கோணம் தாண்டியாகிவிட்டது. பயமாக இருக்கிறது. அவளைப் பார்க்காமல், எண்ணாமல், ஒரே வீட்டில் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியாது. யாரையும் அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை. ஆனாலும் வருகிறாள். அது போதும்.

ஜூன் 5

உப்பு 1.025. சூடு 28. கரி மாற்றினேன். மீன் இரண்டும் இரண்டு வேளையும் சாப்பிட்டன. மற்றது எழுதுவதற்கில்லை.